கார்போக அரிசியும் 68 வெள்ளி சீரமும்

(வாசகர் கேள்வி, அக்கா பதில்)

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே பாட்டுதான், முகச் சுருக்கத்துக்குப் பூசற வைட்டமின் ஏ சாமான் ரெட்டினால் ஒத்துக்கல அக்கா, செடி கொடியில ஏதாச்சும் மெதுவா வேலை செய்யறது இருக்கான்னு. அதனால இந்த வாரம் முடி கொட்டறது, பித்தவெடிப்பு எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டேன், கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் வரும்.

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 38 வயசு. ரெண்டு வருஷமா ரெட்டினால் போட்டுப் பாக்கறேன், போட்ட மூணாம் நாளே மூக்கு ஓரமும் வாய் ஓரமும் செதில் செதிலா உரியுது, நிறுத்திடறேன், மறுபடி ஆரம்பிக்கறேன், மறுபடி உரியுது. ஆபீஸ்ல ஒரு தோழி அதுக்குப் பதிலா பகூச்சியால் சீரம் வாங்குன்னு சொன்னா, போய்ப் பாத்தா 30 மில்லி 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா அத நம்ம கார்போக அரிசியிலேர்ந்துதான் எடுக்கறாங்களாம்! எங்கம்மா கும்பகோணத்துலேர்ந்து அனுப்பற குளியல் பொடியிலயே அது இருக்கு, இங்க சிங்கப்பூர் தேக்காவுல நாட்டு மருந்துக் கடையிலயும் சில்லறை காசுக்குக் கிடைக்குது. நானே அரைச்சு கற்றாழை ஜெல்லுல குழைச்சு ராத்திரி பூசிட்டுப் படுத்துடலாமா? — செங்காங் வாசகி

பதில்: அரைச்சுப் பூசிட்டுப் படுத்துடாதீங்க தங்கச்சி. இத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு முதல் வரிய மட்டும் படிச்சிட்டு நேரா அம்மிகிட்ட போயிடுவீங்க.

நீங்க கண்டுபிடிச்சது சரிதான். கார்போக அரிசின்னு பேருலதான் அரிசி, கையில எடுத்தா கறுப்பா, தட்டையா, சின்ன அவரை விதைய யாரோ நசுக்கிவிட்ட மாதிரி இருக்கும், இடிக்கும்போது ஒரு கசப்பு மருந்து வாசம் வரும், குளியல் பொடியில ரோஜா இதழும் வெட்டிவேரும் சேர்றதால அது அமுங்கிடும். வடமொழியில பாகுசி, இந்தியில பாப்சி. அந்த பாகுசியிலேர்ந்துதான் பகூச்சியால்ங்கற பேரே வந்துச்சு. 1966ல இந்திய வேதியியல் ஆளுங்கதான் விதையிலேர்ந்து அத முதல்ல பிரிச்சு எடுத்தாங்க. கிரீமா சீரமா கடைக்கு வந்தது 2007க்கு அப்புறம். பாட்டி வீட்டு டப்பாவுல கிடந்தது உலகத்தச் சுத்திட்டு 68 வெள்ளியா நம்மகிட்டயே வருது, கேட்டா வயிறு எரியத்தான் செய்யும், எனக்கும் எரிஞ்சுது.

ஆனா விதை வேற, பகூச்சியால் வேற. விதைக்குள்ள பகூச்சியால் இருக்கு, கூடவே சோராலென்னு இன்னொரு வேதிப்பொருள் கூட்டமும் உக்காந்திருக்கு. இந்த சோராலென் தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா, அதுலயும் புற ஊதாக் கதிர்ல ஏ வகை பட்டா, தோல் செல்லோட டி.என்.ஏ.லயே போய் ஒட்டிக்கும். அந்தக் குணத்த வச்சுத்தான் வெண்படைக்கு மருத்துவத்துல சோராலென் குடுத்து அளந்து அளந்து ஒளி காட்டறாங்க, நம்ம சித்த மருத்துவத்துலயும் ஆயுர்வேதத்துலயும் இதே விதைய வெண்படைக்கு ரொம்ப காலமாப் பயன்படுத்தறதும் அதனாலதான். டாக்டர் நிமிஷக் கணக்குப் பாத்துக் காட்டற ஒளிய நீங்க சிங்கப்பூர் மத்தியான வெயில்ல கணக்கே இல்லாம வாங்குனா என்ன ஆகும்? முகம் வெந்துடும். இதுல பெரிய தொல்லை என்னன்னா உடனே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சிவந்து எரிஞ்சு கொப்புளம் உச்சத்துக்கு வரும், அதுக்குள்ள நீங்க வேற எதையோ சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நெனச்சிட்டு இருப்பீங்க. ஆறுன இடம் கறுத்துப் போய் மாசக்கணக்கா நிக்கும். எல்.ஆர்.டி. ரயில்லயும் ஆபீஸ்லயும்தானே இருக்கேன்னு சொல்லாதீங்க, ஏ வகைக் கதிர் ஜன்னல் கண்ணாடிய தாண்டி உள்ள வரும்.

அப்ப அம்மா பொடி? அத நிறுத்த வேணாம். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, கோரைக்கிழங்குன்னு ஒரு ஊரே இருக்கற பொடியில கார்போக அரிசி ஒரு ஓரமாத்தான் இருக்கும், தேச்ச ரெண்டு நிமிஷத்துல கழுவிட்டு வந்துடறோம். தேச்சுக் குளிக்கறதும் ராத்திரி முழுக்க முகத்துல காய வச்சுப் படுக்கறதும் ஒண்ணில்லையே. நாளு பூரா வெளிய நிக்கற வேலைன்னா மட்டும் அந்தப் பொடிய சாயங்காலக் குளியலுக்கு மாத்திக்கோங்க.

இப்ப 68 வெள்ளிக்கு வருவோம். ரெட்டினால் தோல்ல போனதும் ரெட்டினால்டிஹைடா மாறி, அது ரெட்டினாயிக் ஆசிடா மாறி, அதுக்கப்புறம்தான் வேலைய ஆரம்பிக்குது. பகூச்சியால் வைட்டமின் ஏ குடும்பமே கெடையாது, உருவத்துலயும் ரெட்டினால் மாதிரி இல்ல. ஆனா அது தோல்ல முடுக்கிவிடற ஜீன்கள்ல பல ரெட்டினால் முடுக்கறதேதான், தோல விறைப்பா வச்சிருக்கற புரதம் கொலாஜன் சமாச்சாரமும் அதுல வரும். அப்பா ஒருத்தர் இல்ல, ஆனா செய்யற தொழில் ஒண்ணு. சரி தோல்ல நிஜமாவே வித்தியாசம் தெரியுதான்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழ்ல வந்தது, 44 பேரு, 12 வாரம், பாதிப் பேருக்கு 0.5% பகூச்சியால் காலையும் ராத்திரியும், மீதிப் பேருக்கு 0.5% ரெட்டினால் தினம் ஒரு தடவ. கோடு குறைஞ்சதுலயும் கறுப்புத் திட்டு குறைஞ்சதுலயும் ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உரியறது, சுருக்குன்னு குத்தறது எல்லாம் ரெட்டினால் போட்டவங்களுக்குத்தான் அதிகம்.

கேக்க நல்லா இருக்கு, ஆனா 44 பேருங்கறது நம்ம வீட்டுக் கல்யாணத்துல ஒரு பந்தி, அதையும் மனசுல வச்சுக்கோங்க. ரெட்டினால் குடும்பத்துக்கு 50 வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி இருக்கு. அதனால என் கணக்கு என்னன்னா, ரெட்டினால் ஒத்துக்கிட்டு நல்லா இருக்கறவங்க செடின்னு கேட்டதும் மயங்கி மாத்த வேணாம், உங்கள மாதிரி ரெண்டு வருஷமா போட்டு நிறுத்தி போட்டு நிறுத்தி அல்லாடறவங்களுக்கு பகூச்சியால் நல்ல வழி. ஏன்னா பெட்டிக்குள்ள தூங்கற ரெட்டினால விட தினம் போடற பகூச்சியால் மேல்.

68 வெள்ளிதான் குடுக்கணும்னும் இல்ல. அட்டைப் பெட்டியத் திருப்பி பொடி எழுத்துல உள்ள பட்டியலப் பாருங்க, பகூச்சியால்னு தனி ஒரே சொல்லா இருக்கணும், அது சுத்தம் பண்ணி சோராலென் நீக்குனது. அதுக்குப் பதிலா சோராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய், இல்ல விதைச் சாறுன்னு செடியோட முழுப் பேரு நீட்டி முழக்கி இருந்துச்சுன்னா கீழ வச்சிட்டு நடையக் கட்டுங்க, பாப்சி ஆயில்னு குட்டி பாட்டில்ல விக்கறதும் அதே கதைதான். சதவீதம் 0.5லேர்ந்து 1க்குள்ள போட்டிருந்தா போதும், பாட்டில் அழகுக்குக் காசு குடுக்காதீங்க. வாங்குனதும் நேரா முகத்துக்குப் போகாம காதுக்குக் கீழ தாடை ஓரத்துல மூணு நாலு ராத்திரி தடவிப் பாருங்க, செடியிலேர்ந்து வந்ததுங்கறதால அலர்ஜி வராதுன்னு ஒண்ணும் இல்ல, பகூச்சியாலுக்கே அலர்ஜி ஆனவங்க மருத்துவ இதழ்ல பதிவாகி இருக்காங்க. ஒத்துக்கிட்டா முகம் கழுவி ஈரம் லேசா இருக்கும்போதே ரெண்டு மூணு சொட்டு, மேல உங்க வழக்கமான மாய்ஸ்சரைசர். ரெட்டினால் மாதிரி வெளிச்சத்துல கெட்டுப்போறது இல்லங்கறதால காலையிலயும் போடலாம், மேல சன்ஸ்கிரீன் போடணும், அது இல்லாம போடாதீங்க. 12 வாரம் பொறுங்க, மூணாம் நாள் கண்ணாடி முன்னாடி நின்னு ஒண்ணுமே தெரியலையேன்னு எனக்குக் கடிதம் எழுதக் கூடாது.

என் கதையும் ஒண்ணு சொல்லிடறேன். மொத மொதல்ல ரெட்டினால் வாங்குனப்ப வாரத்துல ரெண்டு நாள்னு எழுதியிருந்தத மதிக்காம ஏழு நாளும் போட்டேன், எட்டாம் நாள் நாத்தனார் மக கல்யாணம், பெருமாள் கோயில் மண்டபத்துல பவுடர் அப்பி அப்பிப் பாக்கறேன், கன்னத்துல தோசை ஓரம் மாதிரி எழும்பி நிக்குது, போட்டோ எல்லாத்துலயும் நான் பக்கவாட்டுல திரும்பித்தான் இருப்பேன். தப்பு ரெட்டினால் மேல இல்ல, ஆசை மேல. நீங்களும் ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க, தினம் போட்டுத்தான் உரிஞ்சுதா? பட்டாணி அளவு, வாரம் ரெண்டு ராத்திரி, மாய்ஸ்சரைசர் போட்டு அதுக்கு மேல ரெட்டினால், இப்படிப் போட்டும் உரியுதுன்னா விட்டுடுங்க.

கேள்வி: நான் மூணு மாச கர்ப்பம். தெரியறதுக்கு முன்னாடி ஆறு வாரம் வரைக்கும் ரெட்டினால் கிரீம் போட்டிருக்கேன். நெட்ல படிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. இப்ப கன்னத்துல மங்கு மாதிரி வேற வருது. செடியில ஏதாச்சும் போடலாமா? — தெம்பனிஸ்

பதில்: மொதல்ல தூங்குங்கம்மா. பயமுறுத்தற அந்தச் செய்தியெல்லாம் பெரும்பாலும் பருவுக்குச் சாப்பிடற ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையப் பத்தினது, அது நிஜமாவே பிள்ளைக்கு ஆபத்து, அது சாப்பிடறப்ப கர்ப்பம் ஆகவே கூடாது. மேல தடவற கிரீம்லேர்ந்து ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம், தெரியாம முதல் மாசங்கள்ல இந்த வகை கிரீம் தடவுனவங்களப் பத்தின ஆய்வுகளத் தொகுத்துப் பாத்ததுல பிள்ளைங்களுக்குக் குறை கூடுனதாத் தெரியல. இருந்தும் வேணாம்னு சொல்றது முன்ஜாக்கிரதைக்கு. நிறுத்திட்டீங்க இல்ல, அது போதும், அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட ஒரு வரி சொல்லிடுங்க, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க, தனியா சுமக்கற விஷயமா இது.

பகூச்சியால் ரெட்டினாய்டு, அதாவது ரெட்டினால் குடும்பம், இல்லங்கறதால கர்ப்பத்துல போடலாம்னு கடையில சொல்லுவாங்க. கர்ப்பிணிகள வச்சு அத சோதிச்சது கெடையாதுங்கறத சொல்ல மாட்டாங்க. நான்னா பிள்ள பொறக்கற வரைக்கும் தள்ளி வச்சிடுவேன். மங்குக்கும் பருவுக்கும் கர்ப்பத்துல டாக்டருங்க தைரியமா எழுதற பொருள் அசெலாயிக் ஆசிட், கோதுமை பார்லி மாதிரி தானியத்துல இயல்பாவே இருக்கறது. ட்யூப்ல வர்றது லேப்ல செஞ்சதுதான், அதனால ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. நியாசினமைடும் பரவால்ல, அது வைட்டமின் பி3. மங்குக்கு வெயில்தான் எண்ணெய் ஊத்தற ஆளு, அதனால தொப்பி, குடை, சன்ஸ்கிரீன். பிள்ள பொறந்தப்புறம் நெறைய பேருக்கு தானாவே மங்கும்.

கேள்வி: லைவ் சேல்ஸ்ல ஒரு அக்கா ‘100% மூலிகை ரெட்டினால்’னு நைட் கிரீம் வித்தாங்க, டப்பாவுல கம்பெனி பேரு கூட சரியா இல்ல. ஒரே வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆச்சு, எல்லாரும் கேட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு டப்பா தீந்ததும் நாலே நாள்ல முகம் செவந்து எரியுது, பொடிப் பொடியா பரு. மறுபடி வாங்கிப் போட்டா அடங்குது. என்ன அக்கா இது? — உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: மூலிகை ரெட்டினால்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல. ரெட்டினால் மீன், முட்டை, ஈரல், பால்னு உயிரினத்துலேர்ந்து வர்றது, இல்லன்னா லேப்ல செய்யறது. செடியில இருக்கறது கேரோட்டீன் வகை, கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் குடுக்கற சாமான், சாப்பிட்டா உடம்பு அத வைட்டமின் ஏவா மாத்திக்கும். அதனால அந்தப் பேரப் பாத்ததுமே உஷாராகியிருக்கணும்.

ஒரு வாரத்துல பளிச், நிறுத்துனா எரிச்சல், போட்டா அடங்குது, இந்த மூணும் சேந்து வந்தா எனக்கு மூலிகை ஞாபகம் வரல, ஸ்டீராய்டு ஞாபகம்தான் வருது. பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆன்லைன்ல வாங்குன இந்த மாதிரி கிரீம்ல பாதரசம், தோல வெளுக்க வைக்கற ஹைட்ரோகுவினோன், ரெட்டினால் குடும்பத்து மருந்தான ட்ரெட்டினோயின் எல்லாம் கண்டுபிடிச்சு நம்ம சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கு, இதெல்லாம் இங்க முகக் கிரீம்ல போடவே கூடாது, ட்ரெட்டினோயின் டாக்டர் சீட்டு இருந்தாத்தான். அந்த டப்பாவ தூக்கிப் போட்டுடாதீங்க, அத எடுத்துக்கிட்டு அரசாங்க பாலிகிளினிக் போங்க, தேவைப்பட்டா அவங்களே தேசிய சரும நிலையத்துக்கு எழுதித் தருவாங்க, அங்கேர்ந்து போனா மானியக் கட்டணம். இன்னொரு டப்பா மட்டும் வாங்கிடாதீங்க. கொஞ்ச வாரம் முகம் மோசமாத்தான் இருக்கும், யாராச்சும் என்ன ஆச்சுன்னு கேட்டா வெயில்னு சொல்லிட்டுப் போங்க.

கேள்வி: ரோஸ்ஹிப் ஆயில், கேரட் விதை எண்ணெய் ரெண்டும் இயற்கை ரெட்டினால், கேரட் எண்ணெய் சன்ஸ்கிரீனாவும் வேலை செய்யும்னு படிச்சேன். உண்மையா? — ஈசூன்

பதில்: ரோஸ்ஹிப் நல்ல எண்ணெய், காய்ஞ்ச தோலுக்கு நல்லா இருக்கும், லினோலெயிக் அமிலம் நெறைய, ரெட்டினால் வேலைய எதிர்பாக்காதீங்க. ஏ.சி.ல எட்டு மணி நேரம் உக்காந்து தோல் காயறவங்க ராத்திரி ரெண்டு சொட்டு போடலாம், எண்ணெய் வடியற முகம்னா வேணாம். கேரட் விதை எண்ணெய்ல கேரட்டோட ஆரஞ்சுச் சாமானே இல்ல, அது கெழங்குலதான். சன்ஸ்கிரீன் கதைய நம்பி வெளிய போனீங்கன்னா உருளைக்கெழங்கு ரோஸ்ட் மாதிரி திரும்பி வருவீங்க. இதே வரிசையில மோட் பயறுச் சாறுன்னு ஒண்ணும் ரெட்டினாலுக்கு மாத்துன்னு புது சீரம் எல்லாத்துலயும் ஓடுது, வட இந்தியாவுல முளைகட்டி கூட்டு வைக்கற பயறுதான், முகத்துக்குன்னா அவசரப்படாதீங்க, சாப்பிடறதுன்னா நான் ரெடி.

கேள்வி: பகூச்சியால் வாங்க வசதி இல்ல அக்கா. வீட்டு வைத்தியமா வல்லாரை அரைச்சுப் போடலாமா? சிக்கான்னு கொரியாக்காரங்க விக்கறது அதுதானாமே. — மார்சிலிங்

பதில்: அதேதான், தேக்கா சந்தையில கட்டு கட்டா கிடக்கற நம்ம வல்லாரை, மலாய்க்காரங்க பெகாகான்னு சொல்றது. சிவந்து எரியற தோல ஆத்தும். ரெட்டினாலுக்கு மாத்து இல்ல, ரெட்டினால் பண்ண ரகளைய அமத்தற கீரை. ஆனா பச்சையா அரைச்சு முகத்துல போட்டா மண்ணும் பூச்சி மருந்தும் சேந்து வரும், சிலருக்கு அரிக்கும். கீரைய துவையல் பண்ணிச் சாப்பிட்டுட்டு, முகத்துக்கு வாசனை சேக்காத சாதா சிக்கா கிரீம் ஒண்ணு வாங்குங்க, மருந்துக்கடை ஆஃபர்ல அவ்வளவு வெல ஆகாது. எலுமிச்சம்பழம் மட்டும் எந்தப் பொடியிலயும் பிழியாதீங்க, அதுவும் வெயிலோட சேந்து தோல வேக வைக்கற கூட்டம்தான்.

கேள்வி: நான் டெலிவரி ரைடர், 29 வயசு. வீட்டுல மனைவி பகூச்சியால் வாங்கி வச்சிருக்காங்க, எனக்கும் நெத்தியில கோடு விழுதுன்னு போடச் சொல்றாங்க. ஆம்பளைங்க போடலாமா? — பொங்கோல் வாசகர்

பதில்: தோலுக்கு ஆம்பள பொம்பள தெரியாது தம்பி, போடுங்க. ஆனா நாள் முழுக்க பைக்ல இருக்கற உங்களுக்கு அது ரெண்டாவது. இங்க மத்தியானத்துல புற ஊதா அளவு 11ஐத் தாண்டறதும் உண்டு, மேகம் போட்டிருந்தாலும் நம்ப முடியாது, தேசிய சுற்றுப்புற வாரியத்து ஆப்ல மணிக்கு மணி போடுவாங்க, ஒரு நாள் ஆர்டர் வராத நேரம் பாருங்க. எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழு நீளத்துக்கு வழிச்சு எடுத்தாத்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் பத்தும், வேர்க்கறதால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி. ஸ்டிக்கா வர்றது வாங்கி பை சைடு ஜிப்புல வச்சுக்கோங்க, சிக்னல்ல நிக்கும்போதே இழுத்துவிடலாம். ஒரு மாசம் இதப் பண்ணிட்டு அப்புறம் ராத்திரி மனைவி பாட்டில்லேர்ந்து ரெண்டு சொட்டு எடுங்க, கேட்டுட்டு எடுங்க, அது என்ன வெலன்னு மேல பாத்தீங்க இல்ல.